பதினொன்றாம் வகுப்பில் உடற்கல்வியை ஒரு பாடமாக எடுப்பவர்களுக்கு: சேலம், ஏற்காடு மாணவர்களுக்கான வழிகாட்டி

சேலத்தில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போனால், கவுண்டரில் கேட்கும் கடைசிக் கேள்வி "அஞ்சாவது சப்ஜெக்ட் என்ன?" என்பதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்றால் உடற்கல்வி என்று டிக் அடித்துவிடுவார்கள். அரை நிமிட வேலை. அந்த டிக்கின் விளைவு இரண்டு வருடத்துக்கு உண்டு. "பி.டி. பாடம்தானே, மார்க் தானா வரும்" என்று நினைத்து வந்தவர்கள்தான் பன்னிரண்டாம் வகுப்பு ஜனவரியில் ரெக்கார்டு நோட்டோடு ராத்திரி கண்விழிக்கிறார்கள்.

இங்கே சொல்வது சி.பி.எஸ்.இ. உடற்கல்விப் பாடத்தைப் பற்றி மட்டும். பாடக் குறியீடு 048. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30.

1. முதலில் குரூப்பைச் சரிபாருங்கள்

உடற்கல்வி எதற்குப் பதிலாக உள்ளே வருகிறது என்பதைப் பாருங்கள். ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம், உடற்கல்வி என்று எடுத்தால் இன்ஜினியரிங் வழி திறந்திருக்கும், மருத்துவ வழி மூடிவிடும். ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், உடற்கல்வி என்றால் நீட் எழுதலாம். ஆனால் கணிதம் இல்லாததால் இன்ஜினியரிங் கலந்தாய்வை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டு கதவும் வேண்டும் என்பவர்கள் கணிதம், உயிரியல் இரண்டையும் வைத்துக்கொண்டு உடற்கல்வியை ஆறாவது பாடமாகச் சேர்க்கலாம். பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். நேர அட்டவணையில் இடமும் இருக்க வேண்டும்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணக்கில் உடற்கல்வி மதிப்பெண் சேராது. கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். கலை, வணிகவியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. மனதில் ஒரு கல்லூரி இருந்தால் அதன் சேர்க்கைக் குறிப்பை இப்போதே எடுத்துப் படியுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் வாரியத்தில் பெயர் பதிவான பிறகு பாடத்தை மாற்றுவது பெரும்பாடு. ஜூன், ஜூலைக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

2. பள்ளியில் கேட்க வேண்டியவை

பள்ளிக்கு 048 நடத்த அனுமதி இருக்கிறதா? மேல்நிலை வகுப்புக்கு எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலைப் பட்டம்) படித்த ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது பி.டி. மாஸ்டரே இதையும் பார்த்துக்கொள்கிறாரா? வாரத்தில் எத்தனை பீரியட் மைதானத்தில், எத்தனை வகுப்பறையில்? இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுபறியாக வந்தால் வகுப்பறைப் பீரியட் எல்லாம் வேறு பாடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். பத்து யூனிட் தியரியை டிசம்பரில் ஒரே மூச்சில் முடிப்பார்கள்.

மைதானத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏற்காட்டுப் பள்ளிகளில் சமதளமான இடம் குறைவு. 50 மீட்டர் நேராக ஓடி, நிற்க இன்னும் 10 முதல் 15 மீட்டர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மைதானத்தில் பிள்ளைகள் கோட்டைத் தொடும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். சுவரில் மோதிக்கொள்ள யாருக்கும் ஆசையில்லை.

3. சான்றிதழ்கள்

பத்தாம் வகுப்பை சி.பி.எஸ்.இ.யிலேயே முடித்தவர்களுக்கு வேலை சுலபம்: மதிப்பெண் பட்டியல், டி.சி., ஆதார், புகைப்படம், சாதிச் சான்றிதழ். மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து மாறி வருபவர்களுக்கு மைக்ரேஷன் சர்டிபிகேட் (வேறு வாரியத்துக்கு மாறுவதற்கான சான்று) கூடுதலாக வேண்டும். அதைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பழைய பள்ளியில் கேட்டால் டி.சி. மட்டும்தான் கையில் கொடுப்பார்கள். டி.சி.யில் கல்வி அலுவலரின் எதிர்க்கையொப்பம் கேட்கும் பள்ளிகளும் உண்டு. பழைய பள்ளியை விட்டு வருவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இந்தப் பாடத்தில் எலும்பு, தசை, காயம், சத்துணவு என்று கலைச்சொல் ஏராளம். முதல் மூன்று மாதம் தனியாக ஒரு சொல் நோட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவச் சான்றிதழ் எல்லாரிடமும் கேட்க மாட்டார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு ஏதாவது இருந்தால் கேட்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். மறைத்துவிட்டு 600 மீட்டர் ஓட்டத்தில் மயங்கி விழுவதால் யாருக்கும் லாபமில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் செய்முறையில் தனி விளையாட்டுகள் உண்டு. சேரும்போதே சொன்னால்தான் ஆசிரியரால் அதற்கேற்பத் தயார் செய்ய முடியும்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எல்லாத் தாளிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பது போலவே இருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் எழுதுவதா, பின்னால் எழுதுவதா என்பதில் சறுக்கியவர்கள் நிறைய. விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்களிலும் அப்படியே. மேடையில் வாங்கும்போதே எழுத்தைப் பாருங்கள். திருத்தம் அன்றைக்கென்றால் பத்து நிமிடம். ஆறு மாதம் கழித்து அதே கையெழுத்தைத் தேடிப் போனால் ஆளே மாறியிருப்பார்.

4. செலவு

பெரிய செலவு இல்லை. ஓடுவதற்கு ஏற்ற ஷூ ஒரு ஜோடி சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய். யோகா பாய் 400 முதல் 700. ரெக்கார்டு நோட்டு, பென்சில், ஸ்கேல் எல்லாம் சேர்த்து 200, 250க்குள் முடியும். பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாளும் சி.பி.எஸ்.இ. கல்விப் பிரிவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தடிமனான கைடு வாங்கும் முன் அந்தப் பாடத்திட்டத்தின் நான்கைந்து பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பழைய கைடு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். பாடத்திட்டம் மாறியிருக்கும், அதிலிருக்கும் பாதி அத்தியாயம் இப்போது தேர்வில் இல்லாமல் இருக்கும்.

ஷூவைத் தேர்வுக்கு முதல் நாள் வாங்காதீர்கள். புது ஷூ குதிகாலைக் கடிக்கும். குறைந்தது மூன்று வாரம் போட்டு ஓடியிருக்க வேண்டும்.

5. அந்த 30 மதிப்பெண்

உடல்தகுதித் தேர்வு 6, விளையாட்டுத் திறன் 7, யோகப் பயிற்சி 7, ரெக்கார்டு 5, வைவா (வாய்மொழித் தேர்வு) 5. இதில் ஓடுவது, குதிப்பது எல்லாம் முதல் 13க்குள் அடங்கிவிடும். மீதி 17 ஆசனம், நோட்டு, வாய். மாவட்ட அளவில் பதக்கம் வாங்கிய பிள்ளை 22 எடுப்பதும், மைதானத்தில் சுமாரான பிள்ளை 28 எடுப்பதும் இதனால்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் தியரி, செய்முறை இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. செய்முறையில் 28 இருக்கிறதே என்று தியரியில் 20 எடுத்தால் பெயில்.

6. உடல்தகுதித் தேர்வுகள்

பி.எம்.ஐ., 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னோக்கி எட்டுதல், பார்ஷியல் கர்ல்-அப் (மல்லாந்து படுத்து உடம்பைப் பாதி மட்டும் எழுப்புவது), புஷ்-அப். மாணவிகளுக்கு முழங்கால் ஊன்றிய புஷ்-அப். இவற்றை நீங்கள் செய்தால் மட்டும் போதாது, இன்னொருவரை வைத்து நடத்தவும் தெரிய வேண்டும். ரெக்கார்டும் வைவாவும் அதைத்தான் கேட்கும்.

பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 52 கிலோ, 1.60 மீட்டர் என்றால் 52 ÷ 2.56 = 20.3. உயரத்தைச் சென்டிமீட்டரில் போட்டு, 0.002 என்று விடை வந்தும் அசராமல் எழுதி வைப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலு பேர் இருப்பார்கள்.

50 மீட்டரில் நேரம் எடுப்பவர் முடிவுக் கோட்டில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் விசில் மட்டும் அடித்தால், சத்தம் 50 மீட்டர் கடந்து அவர் காதுக்கு வர கிட்டத்தட்ட 0.15 விநாடி ஆகும். எல்லாருக்கும் அவ்வளவு நேரம் குறைந்து பதிவாகும். விசிலோடு சேர்த்துக் கொடியை இறக்கச் சொல்லுங்கள். வாட்ச்காரர் கொடியைப் பார்த்து அழுத்தட்டும்.

600 மீட்டருக்கு 200 மீட்டர் டிராக் இருந்தால் மூன்று சுற்று. இல்லாவிட்டால் டேப் பிடித்து 50க்கு 25 மீட்டர் செவ்வகம் போடுங்கள். சுற்றளவு 150, நான்கு சுற்று. இடம் இன்னும் குறைவு என்றால் 40க்கு 20, ஐந்து சுற்று. நான்கு மூலையிலும் கூம்பு வைத்து அதற்கு வெளியே ஓட வேண்டும். உள்ளே வெட்டி ஓடினால் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று மீட்டர் போய்விடும். கைக்கடிகார ஜி.பி.எஸ்.ஸை நம்பி அளக்காதீர்கள், சின்னச் சுற்றில் அது தடுமாறும்.

எட்டுதல் தேர்வில் ஷூவைக் கழற்றி, முழங்காலை மடக்காமல், இரண்டு கை விரல் நுனியும் ஒரே அளவில் இருக்க நீட்ட வேண்டும். ஒரு கை மட்டும் முன்னால் போனால் அந்த அளவு செல்லாது. இழுத்து இழுத்து எம்புவதும் கூடாது.

பயிற்சி நேரத்தை ஊருக்குத் தகுந்தபடி வையுங்கள். சேலத்தில் மார்ச் முதல் வெயில் தாங்காது, காலை ஏழரைக்குள் முடியுங்கள். ஏற்காட்டில் கதை வேறு. அக்டோபர், நவம்பரில் மழை கோட்டை அழித்துவிடும். ஜனவரிக் காலையில் பனி. உடல் சூடேற 15 நிமிடமாவது மெதுவோட்டமும் நீட்டுப் பயிற்சியும் செய்யாமல் 50 மீட்டர் ஓடினால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும்.

7. ரெக்கார்டு நோட்டு

மூன்று பகுதி. முதலாவது, உடல்தகுதித் தேர்வுகளை நடத்தும் முறை. இரண்டாவது ஆசனங்கள்: உடல் பருமன், சர்க்கரை நோய், ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம், முதுகுவலி மற்றும் மூட்டுவலி, இப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு ஆசனம் வீதம், செய்முறை, பயன், யார் செய்யக் கூடாது என்பது. மூன்றாவது, நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு விளையாட்டு: மைதானப் படம், உபகரணம், விதிகள், கலைச்சொற்கள், திறன்கள்.

மதிப்பெண் போவது "யார் செய்யக் கூடாது" என்ற இடத்தில். பயன்களை இரண்டு பக்கம் எழுதிவிட்டு இதை ஒரு வரியில் முடிப்பார்கள். தனுராசனம் என்றால் குடலிறக்கம் உள்ளவர், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர், சமீபத்தில் வயிற்று அறுவை செய்துகொண்டவர் தவிர்க்க வேண்டும் என்று குறிப்பாக எழுதுங்கள். வைவாவில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்: "சர்க்கரைக்கு தனுராசனம் போட்டிருக்க. அந்த ஆளுக்கு பி.பி.யும் இருந்தா?"

விளையாட்டுக்கு நம் ஊரில் பலரும் கபடியை எடுப்பார்கள். நல்ல தேர்வுதான், படத்தை மட்டும் சரியாகப் போடுங்கள். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. அகலத்தில் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் லாபியும் (பக்கவாட்டுப் பட்டை) அடக்கம். லாபியை 10 மீட்டருக்கு வெளியே வரைவதுதான் வழக்கமான தவறு. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (பாடிப் போகிறவர் தாண்ட வேண்டிய கோடு) ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் லைன். பென்சிலில் ஸ்கேல் வைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தால் 13 சென்டிமீட்டர், பக்கத்தில் அழகாக உட்காரும். இணையத்திலிருந்து அச்செடுத்து ஒட்டிய படம் கண்ணுக்கு நன்றாக இருக்கும், மதிப்பெண்ணுக்கு உதவாது.

மாதம் ஒரு பயிற்சி எழுதி, அந்த மாதமே தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எல்லாக் கையெழுத்தும் ஜனவரி 3 என்று இருக்கும் நோட்டைப் பார்த்தால் தேர்வாளருக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

8. ஒரு போட்டியை நீங்களே நடத்துங்கள்

பன்னிரண்டாம் வகுப்பின் முதல் யூனிட் விளையாட்டுப் போட்டிகளை நடத்துவது பற்றியது. கமிட்டிகள், நாக்-அவுட் (தோற்ற அணி வெளியே), லீக் (எல்லா அணியும் எல்லாரோடும் மோதுவது), பை (முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது), எல்லாம் இதில். மனப்பாடம் செய்தால் பத்து நாளில் மறந்துவிடும். வகுப்புகளுக்கிடையே ஒரு கபடிப் போட்டியை நீங்களும் நண்பர்களும் பொறுப்பெடுத்து நடத்தினால் ஜென்மத்துக்கும் மறக்காது. பி.டி. மாஸ்டர்கள் இதற்கு மறுப்புச் சொல்வது அபூர்வம். வேலை குறையுமே.

11 அணி வருகிறது என்று வையுங்கள். நாக்-அவுட் என்றால் மொத்தப் போட்டி 11 − 1 = 10. பதினொன்றுக்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 16, ஆகவே 16 − 11 = 5 பை. மேல் பாதியில் (11 + 1) ÷ 2 = 6 அணி, கீழ்ப் பாதியில் 5. பைகளில் மேலே (5 − 1) ÷ 2 = 2, கீழே 3. பை கொடுக்கும் வரிசை: முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, அதாவது 11. இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு, 1. மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணிக்கு, 7. நான்காவது மேல் பாதியின் கடைசி அணிக்கு, 6. ஐந்தாவது மறுபடி கீழே, 10. ஆக முதல் சுற்றில் மோதுவது 2-3, 4-5, 8-9 மட்டும். வென்ற மூன்றோடு பை வாங்கிய ஐந்தும் சேர்ந்தால் எட்டு. அங்கிருந்து 4, 2, 1 என்று போட்டிகள் இறங்கும். 3 + 4 + 2 + 1 கூட்டினால் 10 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பை தவறியிருக்கிறது.

பையை முதல் சுற்றுக்குப் பிறகு யாருக்கும் கொடுக்காதீர்கள். இரண்டாவது சுற்றில் ஒற்றைப்படையாக அணி நிற்கிறதென்றால் கணக்குத் தப்பு. "இவங்க வெயிட் பண்ணட்டும்" என்று சமாளிக்கப் போனால் சண்டை வரும்.

இப்போது நேரம். 15 நிமிட ஆட்டம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம் என்று வைத்தால் ஒரு ஆட்டம் 35 நிமிடம், அடுத்த அணி இறங்க 10 நிமிடம், ஆக 45. பத்து ஆட்டத்துக்கு ஏழரை மணி நேரம். ஒரே மைதானத்தில், மதிய இடைவேளையோடு, ஒரு சனிக்கிழமை சரியாக இருக்கும். லீக் ஆசை வந்தால் 6 அணிக்கே 6 × 5 ÷ 2 = 15 ஆட்டம், பதினொன்றேகால் மணி நேரம். பள்ளி விட்ட பிறகு நாளுக்கு இரண்டு ஆட்டம் என்றால் எட்டு நாள். மாலை நாலு மணிக்கு மேல் மலையில் மழைக்கு உத்தரவாதமில்லை, ஏற்காட்டுப் பிள்ளைகள் லீக்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆட்களைப் பிரியுங்கள். பெயர்ப் பதிவுக்கு ஒருவர், ஸ்கோருக்கும் நேரத்துக்கும் ஆட்டத்துக்கு மூவர், மைதானம் போட இருவர், முதலுதவிக்கு இருவர், தண்ணீருக்கு ஒருவர். தண்ணீர் சில்லறை வேலை இல்லை. அணிக்கு 12 பேர் வீதம் 132 பேர். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றாலே கிட்டத்தட்ட 200 லிட்டர். 20 லிட்டர் கேன் பத்து. முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் சேலம் வெயிலில் பதினோரு மணிக்கே காலி. முதலுதவிப் பெட்டியில் க்ரேப் பேண்டேஜ் இரண்டு, பஞ்சு, டெட்டால், ஐஸ் வைக்க ஒரு தெர்மாக்கோல் பெட்டி. கணுக்கால் சுளுக்குக்கு உடனே ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல். தைலம் போட்டுத் தேய்க்கும் ஆர்வலர்களைக் கிட்டே விடாதீர்கள்.

ஆட்சேபம் என்றால் கேப்டன் மட்டும், எழுத்தில் மட்டும் என்பதைக் காலையிலேயே எல்லா அணிக்கும் சொல்லிவிடுங்கள். மாலையில் சொன்னால் எடுபடாது.

அட்டவணை, ஸ்கோர் தாள், புகைப்படம் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வைவாவில் "பை என்றால் என்ன" என்று கேட்கும்போது அந்த சனிக்கிழமையைச் சொன்னால் அடுத்த கேள்வி வேறு திசையில் போகும்.

9. செய்முறைத் தேர்வு

வாரியம் வழக்கமாக இதற்கு ஒதுக்குவது ஜனவரி 1 முதல் பிப்ரவரி 14 வரை. உங்கள் பள்ளிக்கு எந்த நாள் என்பது ஒரு வாரம் முன்புதான் தெரியும். ஏற்றிய மதிப்பெண்ணைப் பிறகு மாற்ற முடியாது. அன்று காய்ச்சல் என்றால் காலையிலேயே பள்ளிக்குச் சொல்லுங்கள். அந்தக் காலக்கெடுவுக்குள் வேறு நாள் கிடைத்தால் உண்டு.

முந்திய இரவு ரெக்கார்டில் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள், அதுவும் இரண்டு மணி நேரம் முன்னால். வயிறு நிறைந்தால் புஜங்காசனத்தில் தெரியும். ஆசனத்தை வேகமாகப் போட்டுக் காட்ட வேண்டாம். நிலைக்குப் போவது, நிற்பது, திரும்பி வருவது மூன்றும் மெதுவாக இருக்க வேண்டும்.

10. தியரி

மூன்று மணி நேரம், 37 கேள்வி. 1 முதல் 18 வரை ஒரு மதிப்பெண். 19 முதல் 24 வரை இரண்டு மதிப்பெண், ஐந்து எழுதினால் போதும். 25 முதல் 30 வரை மூன்று மதிப்பெண், இதிலும் ஐந்து. 31 முதல் 33 வரை நான்கு மதிப்பெண் கேஸ் ஸ்டடி. 34 முதல் 37 வரை ஐந்து மதிப்பெண், மூன்று. ஃபிக்ஸ்சர் (போட்டி அட்டவணை போடும்) கேள்வி வந்தால் முதலில் அதை எழுதுங்கள். கணக்கு சரியென்றால் முழு மதிப்பெண், கையெழுத்தெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

11. பன்னிரண்டுக்குப் பிறகு

உடற்கல்வி ஆசிரியராக நினைப்பவர்கள் படிப்பின் பெயரில் ஏமாறக் கூடாது. பி.பி.இ.எஸ். உடற்கல்வியில் மூன்று வருட இளநிலைப் பட்டம்; அதை மட்டும் வைத்து ஆசிரியர் வேலைக்குப் போக முடியாது. பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிப் பட்டம்) வேண்டும், மேல்நிலை வகுப்புக்கு எம்.பி.எட். பன்னிரண்டு முடித்ததும் சேரும் டி.பி.எட். என்ற டிப்ளமோ இரண்டு வருடம், அது தொடக்க நிலைக்கு. சென்னை அருகே மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் மாநிலத்தின் பெரும்பாலான உடற்கல்விக் கல்லூரிகள். எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு இருப்பது வேறு, படிப்புக்கு இருப்பது வேறு.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் சான்றிதழோடு படிவத்தையும் கேட்டு வாங்க வேண்டும். தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவர்களுக்குப் படிவம் 4, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 2. வண்ணச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான். விண்ணப்பத்தோடு கேட்பது இந்தப் படிவத்தை. ஆடிய வருடமே வாங்கி, ஸ்கேன் எடுத்து, அசலை லேமினேட் செய்யாமல் ஃபைலில் வையுங்கள்; லேமினேட் செய்ததன் பின்பக்கம் முத்திரை வைக்க முடியாது.